அச்சு எடுக்கும்போது சிரிக்கக் கூடாது

“ஏங்க... உங்களைத்தாங்க. மாத்திப் போட்டிருக்கீங்க.”

மழைநாள். ஓடும் பஸ். அதிசயமாகக் கிடைத்த ஜன்னலோர சீட். மடியில் ஈரம் சொட்டும் பச்சைக் குடை, காதில் இயர்போன், மூடிய கண்கள்... இப்படி ஒரு சுகத்தில் இருப்பவளை, முன்சீட்டுக் கம்பியை டொக் டொக்கென்று தட்டி எழுப்புகிறவனை என்ன செய்யலாம்?

அவள் ஒரு காதிலிருந்து இயர்போனை உருவினாள். “என்னது?”

“இயர்போனை மாத்திப் போட்டிருக்கீங்க. சிவப்புப் புள்ளி வலது காதுக்கு. உங்களுக்கு இடது பக்கம் இருக்கு.”

நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியில் ஒட்டிய ஈரமுடி. மழைத்துளி தங்கிய இமைகள். அந்த இமைகளுக்குக் கீழே, தப்பைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் கொஞ்சமும் இல்லாத, ரொம்பச் சாதுவான இரண்டு கண்கள். கண்கள் சாதுவாக இருந்தால் ஆச்சா? அவள் யாரென்று தெரியுமா அவனுக்கு? ஒலிக்கருவிகளைப் பற்றி எழுதும் பத்திரிகையில், வரும் இயர்போனையெல்லாம் கேட்டுவிட்டு எது எப்படிப் பாடுகிறது என்று எழுதுவதுதான் அவள் வேலை. ஆபீசில் அவளுக்குப் பெயரே காதுக்காரி. அவளிடம் வந்து எது இடது, எது வலது என்று பாடம் நடத்துகிறான்!

“தெரியும்,” என்றாள் வெடுக்கென்று. “வேணும்னேதான் மாத்திப் போட்டிருக்கேன்.”

“வேணும்னேவா?”

“ஆமா. அது ஒரு சோதனை.”

“ஓ...” உதடு வரை வராமல் கண்ணிலேயே நின்றுவிட்டது அவன் சிரிப்பு. “அப்போ சரி. நல்லா சோதிங்க.”

பஸ் நின்றது. தலையை மழைக்குக் கொடுத்துவிட்டு, கையிலிருந்த சின்னப் பெட்டியை மட்டும் சட்டைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு இறங்கிப் போனான். அவன் மறைந்ததும் அவசர அவசரமாக இன்னொரு காதிலிருந்தும் உருவிப் பார்த்தாள்.

சிவப்புப் புள்ளி. அவன் சொன்னதேதான்!

காலையிலிருந்து ‘வயலின் வலப்பக்கம் நிற்கிறது’, ‘பியானோ இடப்பக்கம் நகர்கிறது’ என்று மனதுக்குள் எழுதி வைத்ததெல்லாம் தலைகீழ். முகம் சூடேறியது. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை... அவன் ஒருவனைத் தவிர. இனி அவனை எங்கே பார்க்கப் போகிறோம் என்று தேற்றிக்கொண்டாள். பெரிய நகரம்தானே!

பெரிய நகரங்களுக்கு இப்படி ஏமாற்றுவதே பிழைப்பு.

அடுத்த வாரம் ஆசிரியர் கூப்பிட்டார். “கையாலேயே இயர்போன் செய்யறாங்களாம். ஒவ்வொருத்தர் காதுக்கும் தனியா அச்சு எடுத்து, அந்தக் காதுக்கு மட்டும் பொருந்தற மாதிரி. மேடையில பாடறவங்கல்லாம் அங்கதான் போறாங்க. ஒரு அக்காவும் தம்பியும் நடத்தறாங்க. நீயும் ஒரு ஜோடி செஞ்சு வாங்கி, கேட்டுட்டு எழுது.”

தையல் கடைக்கு மேலே, குறுகலான படியேறினால் ஒரே ஒரு நீளமான அறை. பிசின் வாசனை. நீலவெளிச்சப் பெட்டிக்குள் இறுகிக்கொண்டிருந்த கண்ணாடி மாதிரியான இயர்போன் ஓடுகள். மெருகு போடும் சக்கரத்தின் முன்னால் அக்கா, முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “தம்பி! பத்திரிகையிலேர்ந்து வந்திருக்காங்க பாரு!” என்று குரல் கொடுத்தாள்.

உள்ளேயிருந்து வந்தவனைப் பார்த்ததும் இவளுக்குக் கால் படியை நோக்கித் திரும்பியது.

அதே ஈரம் படிந்த மாதிரியான கண்கள். இன்றைக்கு மழை இல்லாமலேயே!

அவன் நாற்காலியைக் காட்டினான். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டான். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

“இடது காதுல ஆரம்பிக்கலாமா? இல்ல... வேணும்னே வலதுல ஆரம்பிக்கலாமா?”

“உங்களுக்கு மறதியே கிடையாதா?”

“நல்ல சோதனைகளை மறக்க மாட்டேங்க.”

சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: ‘அச்சு எடுக்கும்போது பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது.’ அவள் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவன் விளக்கினான். “காதுக்குள்ள போற வழி தாடையோட ஒட்டினது. வாய் அசைஞ்சா வழியோட வடிவமும் மாறிடும். மாறின வடிவத்துல ஓடு செஞ்சா, அப்புறம் காதுல சரியா உட்காராது. அதான் இந்தக் கட்டை. பல்லுல கடிச்சுக்கோங்க... காதுல ஊத்தற பசை இறுகற வரைக்கும் சிலை மாதிரி இருக்கணும்.”

சின்னக் கட்டையைக் கடித்துக்கொண்டாள். நூல் கட்டிய பஞ்சை ஒவ்வொரு காதுக்குள்ளும் மெதுவாகத் தள்ளினான். பிறகு ஜில்லென்று பசை. முதலில் சக்கரத்தின் சத்தம் போயிற்று. பிறகு தெருவின் சத்தம். இரண்டு காதும் நிறைந்ததும் உலகமே எங்கோ ஆழத்துக்கு இறங்கிவிட்டது... மிச்சம் இருந்தது அவளுடைய நெஞ்சுத் துடிப்பு மட்டும். அது ஏன் இவ்வளவு வேகமாக அடிக்கிறது? பசைக்காகவா?

எதிரே முக்காலியில் அவன் உட்கார்ந்தான். அவளை அசையாமல் வைக்க வேண்டுமே என்று அவனும் அசையாமல், ஏதோ பரீட்சை எழுதுகிறவன் மாதிரி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு. அந்த நேரம் பார்த்து, அவன் நெற்றியில் ஏற்றிவைத்திருந்த பூதக்கண்ணாடி நழுவி ‘பொத்’தென்று கண் மேல் விழுந்தது. அந்தச் சாதுவான கண்கள் ஒரே நொடியில் தோசைக்கல் அளவுக்குப் பெரிதாகி, திருதிருவென்று அவளைப் பார்த்தன.

அவ்வளவுதான். சிரித்துவிட்டாள். கட்டை மடியில் விழுந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சத்தமே இல்லாத அந்த உலகத்தில், தன் சிரிப்பு தனக்குள்ளேயே குலுங்குவதை மட்டும் கேட்டுக்கொண்டு சிரித்தாள்.

திட்டப் போகிறான் என்று நினைத்தாள். அவன் கண்ணாடியை மேலே தள்ளினான். வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். பார்த்துக்கொண்டே இருந்தான்... ஜன்னலுக்கு வெளியே சத்தமில்லாமல் மழை பிடித்துக்கொண்டது.

பசை இறுகியதும் அச்சை மெதுவாக உருவினான்.

“கெட்டுப்போச்சா?”

“இல்ல.” அவன் அச்சையே பார்த்துக்கொண்டு சொன்னான். “நல்லா வந்திருக்கு.”

மழைக்காலம் முடிவதற்குள் இயர்போன் தயாராகிவிட்டது. உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தான். தளிர் இலை மாதிரி ஒளி ஊடுருவும் பச்சை ஓடு. உள்ளே முடியைவிட மெல்லிய கம்பிகளும், அரிசி மணி அளவு ஸ்பீக்கர்களும். காதில் வைத்ததும், எப்போதும் அங்கேயே இருந்தது போல உட்கார்ந்துகொண்டது.

அவன் பாட்டைப் போட்டான்.

முதலில் பாடகி மூச்சு இழுத்தாள். பாடுவதற்கு முன்னால் எடுக்கும் அந்தச் சின்ன மூச்சை இத்தனை வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை. பிறகு குரல்... ஈரத்தோடு, உதடு பிரியும் சத்தத்தோடு. பின்னால் எங்கோ ஒரு கதவை யாரோ மெதுவாகச் சாத்தினார்கள், அது கூடக் கேட்டது. அப்புறம் அடியிலிருந்து, வயலினின் பெரிய அண்ணன் மாதிரி, செல்லோ வந்தது. காதில் கேட்கவில்லை அது, விலா எலும்புக்குள் கேட்டது. தரையில் பாய் விரிப்பது போல அந்த அடி ஒலி விரிய விரிய, அதன் மேல் வந்து உட்கார்ந்தன மற்ற ஒலிகளெல்லாம். அவள் சிரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“எப்படி இருக்கு?”

“பத்திரிகையில படிச்சுக்கோங்க.”

“அதுவரைக்கும் நான் தூங்க வேண்டாமா?”

“வேணும்னே முழிச்சிருங்க,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கால் தரையில் பட்டதா என்று அவளுக்கே சந்தேகம்.

ஆனால் மறுநாள் ஆபீசில் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, முகத்தை வேலைக்குத் தயாராக்கிக்கொண்டு அதே பாட்டைப் போட்டால்... செல்லோ இல்லை.

இருந்தது, சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ வாசிப்பது போல. அடி ஒலி, அந்தப் பேஸே இல்லாமல் குரல் மட்டும் மெலிந்து, அந்தரத்தில் தொங்கியது. பாட்டை மாற்றினாள். ஒயரை மாற்றினாள். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டாள். எங்கேயும் இல்லை. அந்தப் பட்டறையில் மட்டும் எப்படி வந்தது?

நெஞ்சில் என்னவோ கசந்தது. பட்டறையில் அவன் போட்டுக் காட்டிய கருவியில் பேஸை ஏற்றி வைத்திருந்தானா? வருகிறவர்களை மயக்குவதற்கு? அந்தக் கண்களும் அந்தக் கருவி மாதிரிதானா?

அவள் பேனாவை எடுத்தபோது கோபம் பாதி அவன் மேல், பாதி தன் மேல். தன் மனசு அந்தப் படிக்கட்டில் எங்கோ சாய்ந்துவிட்டது என்று அவளுக்கே தெரியும். சாய்ந்த மனசோடு எழுதினால் அது விமர்சனமா? சாயவே இல்லை என்று காட்டுவதற்காகவே வேண்டியதற்கு மேல் விறைப்பாக எழுதினாள். ‘கடையில் ஒரு ஒலி, வீட்டில் ஒரு ஒலி. பட்டறையில் நம்மை மயக்கும் பேஸ், வாசல்படி தாண்டியதும் காணாமல் போகிறது. காரணம் செய்தவருக்குத் தெரிந்திருக்கும்.’

ஆசிரியர் படித்துவிட்டு நிமிர்ந்தார். “அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டியா?”

“கேட்டுட்டு எழுதினா அது விமர்சனம் இல்ல சார், சிபாரிசு.”

இதழ் வெளிவந்தது. போன் வரும் என்று காத்திருந்தாள். வந்து கத்துவான், ‘எப்படி எழுதலாம்?’ என்று கேட்பான், அப்போது நன்றாகக் கொடுக்கலாம் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தாள். போன் வரவில்லை. ஒவ்வொரு நாளும் வரவில்லை. சண்டைக்குக் கூட வராத மனுஷன் என்ன மனுஷன்!

அவன் வரவில்லை, அக்கா வந்தாள்.

“சண்டை போடத்தான் கிளம்பினேம்மா,” என்றாள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து. “உங்க ஆபீஸ் படியில ஏறி வரதுக்குள்ள மூச்சு வாங்கிடுச்சு. தண்ணி குடுங்க முதல்ல.”

குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். முகம் மாறியது. “ஏமாத்தறவன்னு எழுதிட்டீங்களே... மேடையில பாடறவங்க ஒவ்வொருத்தரா வேண்டாம்னு சொல்லிட்டாங்க. பதில் எழுதுடான்னு தலையால அடிச்சுக்கிட்டேன். ‘தப்பு என் மேலதான்க்கா’ன்னு ஒரே பேச்சு. என்னடா தப்புன்னு கேட்டா வாயில பூட்டு. வெளியூர்ல ஒரு கம்பெனியில கூப்பிட்டிருக்காங்க, போறேன்னு பெட்டி கட்டிட்டிருக்கான். நாளைக்குக் கிளம்பறான். பட்டறையை மூடிட்டா அப்புறம் அவன் திரும்பி வர மாட்டான்மா.”

“நான் கேட்டதைத்தானே அக்கா எழுதினேன்...” அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. “எழுதினதை மாத்தற வழக்கம் எனக்கு இல்ல.”

“மாத்த வேண்டாம்மா. அவன் பொய் சொல்றவன் இல்ல, அதை மட்டும் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.” அக்கா எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பினாள். “அந்தப் பச்சை நிறம் இருக்கே... அது வரதுக்குள்ள எத்தனை தடவை கலக்கிக் கொட்டினான்னு எனக்குத்தான் தெரியும். பஸ்ல நீங்க மடியில வெச்சிருந்தீங்களாமே ஒரு குடை. அந்தப் பச்சைதான் வேணுமாம் துரைக்கு.”

குடை அப்போதும் மேஜைக்குப் பக்கத்தில்தான் சாய்ந்து நின்றது.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தும் அவளுக்குச் சந்தோஷமில்லை. வெளியே பிசுபிசுவென்று தூறல். தான் எழுதியது சரிதான் என்று ஒரு தடவை உறுதி செய்துகொண்டால் நெஞ்சு ஆறும் என்று, பச்சை இயர்போனைக் காதில் வைத்துப் பாட்டைப் போட்டாள். பாடகி மூச்சு இழுத்தாள். குரல் வந்தது. செல்லோ இல்லை. ஆமாம், சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்... நெஞ்சு ஆறவில்லை.

ஒருவேளை இடது வலது மாறிப் போயிருக்குமோ? கையைக் கொண்டுபோனாள். அசட்டுத்தனம், ஒரு காதுக்கென்று செய்தது இன்னொரு காதில் நுழையவே நுழையாதே. ‘வேணும்னேவா?’ என்று எங்கிருந்தோ அந்தக் குரல் கேட்டது. இமையில் மழைத்துளி. தோசைக்கல் கண்கள். அவளை அறியாமல் ஒரு சிரிப்பு வந்துவிட்டது.

செல்லோ வந்தது.

வந்தது என்றால்... அடியிலிருந்து, விலா எலும்புக்குள், அன்றைக்கு வந்த மாதிரியே முழுசாக! திடுக்கிட்டு நிமிர்ந்தாள். சிரிப்பு மறைந்தது. செல்லோவும் போய்விட்டது.

மறுபடியும் சிரித்தாள். வந்தது. உதட்டை மூடினாள். போயிற்று. சிரித்தாள், மூடினாள், சிரித்தாள்... எதிர்சீட்டு அம்மாள் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாளென்று நினைத்து, பதிலுக்கு இரண்டு தடவை சிரித்துவிட்டு, மூன்றாவது தடவை கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்குக் கண் நிறைந்தது. சிரித்த காதுக்கு எடுத்த அச்சு! அவள் சிரித்தால் காதோடு ஒட்டிக்கொள்கிறது. முகம் இறுகினால் எங்கோ மயிரிழை இடைவெளி விழுந்து பேஸ் முழுதும் ஒழுகிப் போகிறது. பட்டறையில் அவனுக்கு முன்னால் நின்று கேட்டபோது அவள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். கடையில் ஒரு ஒலி, வீட்டில் ஒரு ஒலி... அவன் கருவி என்ன செய்யும்? கடையில் ஒரு முகம், வீட்டில் ஒரு முகம் வைத்திருந்தது அவளல்லவா!

அவன் இறங்கும் ஸ்டாப் வந்ததும் குடையை விரிக்கக்கூட நினைவில்லாமல் இறங்கி ஓடினாள்.

பட்டறையில் பாதி சாமான்கள் பெட்டிக்குள் போயிருந்தன. சுவரிலிருந்து பலகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான் அவன். சொட்டச் சொட்ட நனைந்து வந்தவளையும், கையில் மடித்தபடியே இருந்த குடையையும் மாறி மாறிப் பார்த்தான்.

“குடையை... வேணும்னே விரிக்கலையா?”

அவள் சிரிக்கவில்லை. “அச்சு எடுக்கும்போது நான் சிரிச்சேன். உங்களுக்குத் தெரியும்ல?”

அவன் பலகையைக் கீழே வைத்தான். “தெரியும்.”

“உடனே நிறுத்திட்டு மறுபடியும் எடுத்திருக்கணும்ல?”

“எடுத்திருக்கணும்.”

“ஏன் எடுக்கலை?”

மெருகுச் சக்கரம் மெதுவாக ஓடி நின்றது. அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“எடுக்கணும்னா, சிரிக்காதீங்கன்னு சொல்லணும்.” அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். “வாயைத் திறந்தேன்... மனசு வரலைங்க. பசை இறுகிடுச்சு. திரும்ப வரச் சொல்லியிருக்கலாம், அதுவும் செய்யலை. அந்தச் சிரிப்பு அப்படியே அதுல பதிஞ்சு இருந்துது, அதைத் தூக்கிப் போட முடியலை. நீங்க வாங்கிட்டுப் போக வந்தப்போ நல்லா வேற கேட்டுது... பொருந்திடுச்சுன்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டேன். நீங்க எழுதினது சரிதான். காரணம் செஞ்சவனுக்குத் தெரியும். ஆனா அதை எப்படிங்க பதில்னு எழுதி அனுப்பறது?”

அவள் தயாராக வைத்திருந்த பதில்களில் ஒன்று கூட இதற்கு உதவவில்லை.

“நீங்க ஏமாத்தலை. நான்தான் பயந்துட்டேன்,” என்றாள். “உங்க பக்கம் சாய்ஞ்சுட்டேன்னு தெரிஞ்சு போச்சு. அது எழுத்துல தெரிஞ்சிடக் கூடாதுன்னு அவ்வளவு கடுமையா எழுதினேன். அடுத்த இதழ்ல மாத்தி எழுதறேன். என் பேரைப் போட்டு, தப்புன்னு சொல்லி.”

“மாத்தற வழக்கம் இல்லைன்னு அக்கா சொன்னாளே?”

“இனிமே உண்டு.”

“என்ன காரணம்னு எழுதுவீங்க?”

“உள்ளதைத்தான். அச்சு எடுக்கும்போது சிரிச்சேன். எதிர்ல இருந்தவரைப் பார்த்துச் சிரிச்சேன்...” குரல் இறங்கியது. “அவரை நினைச்சாலே சிரிப்பு வருதுன்னும் எழுதுவேன்.”

“ஊரே படிக்குமேங்க!”

“படிக்கட்டும்.”

அவன் நிமிர்ந்தான். பஸ்ஸில் கண்ணோடு நின்றுபோன அந்தச் சிரிப்பு, இத்தனை நாள் கழித்து, ஒருவழியாக உதடு வரைக்கும் வந்து சேர்ந்தது.

“டேய்,” என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “அந்தப் பெட்டியை நீ பிரிக்கிறியா, நான் பிரிக்கட்டுமா?”

“நானே பிரிக்கறேன்க்கா.” அவன் கையை நீட்டினான். “அதைக் குடுங்க முதல்ல. புதுசா அச்சு எடுத்துச் சரி பண்ணித் தரேன். இந்தத் தடவை கட்டை விழாம பார்த்துக்கறேன்.”

அவள் கொடுக்கவில்லை. பச்சை ஓடுகள் இரண்டையும் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

“வேண்டாம்.”

“பழுதான ஜோடிங்க அது. சிரிச்சாத்தான் பேஸ் வரும்.”

“தெரியும்,” என்றாள் அவள். “நீங்க போகாம இங்கயே இருங்க, போதும்... எனக்கு இதுல பேஸ் குறையவே குறையாது.”

வெளியே மழை விடவில்லை. அவர்களில் யாருக்கும் அவசரமும் இல்லை.